கல்லென்று எறிந்தது

சுகந்தினியிடம் வயதைக் கேட்டால் வருடக்கணக்கு வராது. "சூறாவளி அடிச்சதுக்குப் பிறகு, அப்பா கூரைக்குத் திரும்பக் கிடுகு போட முதல்" என்று தன் பிறப்பைச் சொல்வாள். மகள் பிறந்தது சண்டையால் றோட்டுப் பூட்டியிருந்த காலத்தில், தகப்பனார் கண்மூடுவதற்கு முன். முற்றத்து மாமரம் வீட்டைவிட மூத்தது, கிணற்றைவிட இளையது. எதற்கு முன், எதற்குப் பின் என்பதுதான் அவளுடைய நாட்காட்டி. அடையாள அட்டையில் ஒரு திகதி இருப்பது உண்மைதான். அது சின்ன வயதில் ஒரு டொக்டர் அவளுடைய பல்லை எண்ணிப் பார்த்து உத்தேசமாக எழுதிக் கொடுத்தது. அந்த மனுசன் எண்ணும்போது முன்பல் இரண்டும் விழுந்திருந்தன என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

ஓமந்தையைத் தாண்டி, பெரிய றோட்டை விட்டுக் கிழக்கே இறங்கினால் கல்மருதங்குளம். கலவரத்துக்குப் பிறகு தேயிலைத் தோட்டங்களை விட்டு வந்த சனம் காடு வெட்டிக் குடியேறிய ஊர். சுகந்தினியின் தாயும் தகப்பனும் ஒரு தகரப் பெட்டியோடும் இரண்டு கம்பளியோடும் வந்தவர்கள். வன்னி வெயிலுக்குக் கம்பளி எதற்கு என்று ஊர் சிரித்ததாம். அவள் பிறந்தது இங்கே, அவளுடைய பேச்சும் இங்கத்தைய பேச்சு. கோபம் வந்தால் மட்டும் அம்மாவின் மலைநாட்டுப் பேச்சு எங்கிருந்தோ வந்து வாயில் ஏறிவிடும். அதனால் அவள் எந்த மொழியில் ஏசுகிறாள் என்பதைக் கேட்டே புருசன் ரூபன் நிலைமையின் பாரதூரத்தைத் தெரிந்துகொள்வான்.

ஊருக்கு ஒதுக்கமாக ஒரு கல்குவாரி. ரூபன் அங்கே கல் ஏற்றும் ரக்ரர் ஓட்டுகிறான். குவாரிக்காரருக்கு மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் சுகந்தினி வீட்டிலிருந்து போகும். அரிசி, ரூபனின் தமையனுடைய கண்டாவளை வயலில் விளைந்து, அங்கேயே சின்ன மில்லில் குற்றியது. வாசம் என்றால் அப்படி ஒரு வாசம். கல்லும் அதே அளவுக்கு இருக்கும். சுகந்தினி அரிசியைத் தண்ணீரில் போட்டு, உள்ளே வரிவரியாகக் கீறிய அரிக்கன் சட்டியைச் சரித்துப் பிடித்து, மணிக்கட்டை மெல்ல ஆட்டுவாள். அரிசி மிதந்து அடுத்த பாத்திரத்துக்குப் போகும். பாரமான கல்லும் மண்ணும் சட்டியின் வரிகளில் தங்கிவிடும். தங்கியதை அப்படியே குசினிக்குப் பின்னால் வாழையடியில் வீசிவிட்டு, திரும்பவும் தண்ணீர் வார்த்து இன்னொரு தரம் அரிப்பாள். ஒருதரம் போதாதா என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால் பழைய கதை கிளம்பும்.

பழைய கதை இதுதான். இரண்டு திருவிழாவுக்கு முன்னர் அம்மன் கோயில் அன்னதானத்தில், கோயில் தலைவர் சோற்றோடு ஒரு கல்லைக் கடித்துப் பாதிப் பல்லைப் பறிகொடுத்தார். அன்றைக்கு அரிசி அரித்தவர்கள் ஐந்தாறு பெண்கள். யாருடைய கல் என்று அம்மனுக்குத்தான் தெரியும். ஆனால் பக்கத்து வளவு விமலேஸ்வரி, கையில் அகப்பையோடு நின்றபடி, சபை நடுவே வாயைத் திறந்தாள். அது சுகந்தினி அரித்த கிடாரத்துச் சோறு என்றாள். அவ்வளவுதான். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் கதைபேச்சு இல்லை.

வேறு யாரும் சொல்லியிருந்தால் சுகந்தினி இரண்டு வார்த்தை ஏசிவிட்டு மறந்திருப்பாள். விமலேஸ்வரி சொன்னதுதான் தாங்க முடியவில்லை. யுத்தத்தின் கடைசிச் சண்டையில், உடையார்கட்டு ஊரில், இரண்டு குடும்பமும் ஒரே தறப்பாளுக்குக் கீழே கிடந்தவர்கள். கிடைத்த அரிசியில் பாதி கல்லாக இருந்த அந்த நாட்களில் இரண்டு பேரும் முழங்கால் முட்ட இருந்து கல்லைப் பொறுக்கி எறிந்து, பிள்ளைகளுக்குக் கஞ்சி வைத்தார்கள். அப்படிப்பட்டவள் ஒரு பல்லுக்காகத் தன்னைச் சபையில் கைவிட்டுவிட்டாளே என்று நினைத்து நினைத்துத்தான் சுகந்தினி அரிசியை இரண்டாம் தரமும் அரிப்பாள்.

நேரே பேசாவிட்டாலும் செய்தி போகத்தான் செய்தது. சுகந்தினியின் காதில் விழ வேண்டியதை விமலேஸ்வரி தன் கோழிகளிடம் சொல்வாள். உங்களுக்கு வெக்கமில்லையோ, கதியால் வேலி இருக்கிறது தெரியேல்லையோ, ஆரின்ரையோ வாழையடியில் உங்களுக்கு என்ன வேலை என்று நீட்டி முழக்குவாள். கோழிகள் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. வேலி பாய்ந்து வந்து சுகந்தினியின் வாழையடியைக் கிளறிக்கொண்டே இருக்கும்.

இப்படி இருக்கையில்தான் ஜெயரூபினி வந்தாள். முல்லைத்தீவுக் கரைப் பிள்ளை. தகப்பன் அல்பேர்ட் கடற்தொழில். இவள் படித்துக் கல்லைப் பற்றி ஆராய்கிறவளாகி, ஒரு பல்கலைக்கழகத்தில் படிப்பித்துக்கொண்டே பெரிய பட்டத்துக்கும் படிக்கிறாள். குவாரிக்குக் கல் பார்க்க வந்த இடத்தில் மத்தியானம் ஒரு பார்சலைச் சாப்பிட்டுவிட்டு, இதைச் சமைத்தவ வீட்டில் தங்க ஓர் அறை கிடைக்குமா என்றுதான் முதலில் கேட்டாளாம். அந்தக் கதையைச் சுகந்தினி இன்றைக்கும் வேலிப்பக்கம் திரும்பி நின்று உரக்கச் சொல்வாள். அறை உடனே கிடைத்தது. முதல் இரண்டு நாள் "மிஸ்" என்று கூப்பிட்ட சுகந்தினி, மூன்றாம் நாள் "பிள்ளை" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டாள்.

பின்னேரங்களில் சுகந்தினி தேங்காய் துருவ, ஜெயரூபினி குசினிக் கதிரையில் இருந்து கல்லின் கதை சொல்லுவாள். முல்லைத்தீவு, யாழ்ப்பாணப் பக்கத்துச் சுண்ணக்கல் கடலுக்குள் பிறந்தது, உள்ளே சிப்பி கிடக்கும், இந்தக் கருங்கல்லோடு பார்த்தால் அது நேற்றுப் பிறந்த குழந்தை என்றாள். இந்தக் கல் கிடந்த இடத்தில் ஒருகாலம் பெரிய மலைத்தொடர் இருந்தது, இந்தியாவும் மடகஸ்காரும் ஆபிரிக்காவும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்த காலம் அது, மலையின் அடியாழத்தில் வெந்த கல்தான் மேலே தேய்ந்து தேய்ந்து இன்றைக்கு வெளியே தெரிகிறது என்றாள். கல் ஆராய்கிறவர்கள் உலகம் முழுக்க இந்தக் கல்லுத் தொகுதிக்கு வன்னி என்றுதான் பேர் சொல்வார்கள் என்று அவள் சொன்னபோது, சுகந்தினிக்கு ஏனோ பெருமையாக இருந்தது. ரூபனின் தமையன் வீட்டுக்குப் போன் எடுத்து அதையும் சொன்னாள்.

வயது பார்க்கும் முறையில் முதற்பாதி அவளுக்கு உடனே பிடிபட்டது. குவாரியின் ஓர் ஓரத்தில் கறுப்புக் கல்லைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓர் இளஞ்சிவப்புக் கல் பட்டி போல ஓடியது. அறுக்கிறது இளையது, அறுபடுகிறது மூத்தது என்றாள் ஜெயரூபினி. சுகந்தினி துருவலை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தாள். வீட்டுத்திட்டத்தில் வீடு கட்டி முடிந்து எத்தனையோ காலத்துக்குப் பிறகுதான் கரண்ட் வந்தது. பூசின சுவரை வெட்டித்தான் வயர் இழுத்தார்கள். "அப்ப சுவர் மூத்தது, வயர் இளையது. இதைத்தானே பிள்ளை நானும் சொல்லுறனான்" என்றாள். இந்த மாதிரிக் கணக்கென்றால் அவளும் பிறந்ததிலிருந்து போட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

ஆனால் எத்தனை வருடம் மூத்தது என்று எப்படிச் சொல்வது? அதற்குத்தான் கல்லுக்குள்ளே குறுமணி ஒன்று இருக்கிறது என்றாள் ஜெயரூபினி. சிர்க்கோன் என்று பேர். உப்புத்தூளைவிடச் சின்னது, உருகின கல் ஆறி இறுகும்போது அதற்குள் பிறக்கிறது. பிறக்கும்போது கொஞ்சம் யுரேனியத்தை உள்ளே எடுத்துக்கொள்ளும், ஈயத்தைக் கிட்டவும் எடுக்காது. பிறகு உள்ளே கிடக்கிற யுரேனியம் மெல்ல மெல்லத் தானாகவே ஈயமாக மாறிக்கொண்டிருக்கும். அந்த வேகம் கூடாது, குறையாது. அப்போது கதிரைக்குக் கீழே, கடிக்கிற நுளம்பை விரட்ட, நுளம்புத்திரிச் சுருள் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அதைக் காட்டி, "திரி எவ்வளவு மிச்சம், சாம்பல் எவ்வளவு விழுந்திருக்கு எண்டு பார்த்தால் எப்ப கொளுத்தினது எண்டு சொல்லலாம்தானே அக்கா? அந்த மணிக்குள்ள சாம்பலும் வெளியில போகாமல் அப்பிடியே கிடக்கும்" என்றாள். போதாக்குறைக்கு ஒரே மணிக்குள்ளே இரண்டு வகை யுரேனியம், கெதியாக எரிகிற திரி ஒன்று, மெதுவாக எரிகிற திரி ஒன்று. இரண்டும் ஒரே வயதைச் சொன்னால்தான் நம்புவார்களாம். சபையில் ஒருத்தி சொன்னதை மட்டும் கேட்டு நம்புகிற சனத்தை விட இந்தக் கல்லுக்காரர் எவ்வளவோ நல்லவர்கள் என்று சுகந்தினி நினைத்துக்கொண்டாள்.

ஜெயரூபினியின் படிப்பு முழுவதும் அந்தச் சிவப்புப் பட்டியில் தொங்கியது. அவ்வளவு துப்பரவாகக் கறுப்பை அறுத்துக்கொண்டு போகும் இடம் வேறெங்கும் அவளுக்கு அகப்படவில்லை. அவள் ஒரு பை நிறையக் கல் எடுத்து வந்த அடுத்த கிழமையே குவாரிக்காரர் அந்த முகப்புக்கு வெடி வைத்தார்கள். கறுப்பும் சிவப்பும் உடைந்து, சல்லியாகி, எந்த றோட்டுக்கோ போய்விட்டது. குவாரிக்காரரைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்குக் கல் என்றால் கல்.

பல்கலைக்கழகத்தில் கல் அரைக்கிற மெஷின் பழுது. வெளிநாட்டில் ஓர் ஆய்வுகூடத்தில் அவளுடைய முறை வருவதற்கு ஒரு வருடமாகக் காத்திருந்து, இப்போதுதான் அது வந்திருந்தது. வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் விமானம் ஏறுகிற சிநேகிதி ஒருத்தி, மணிகளைக் கொண்டுபோவதாகச் சொல்லியிருந்தாள். அதனால் ஜெயரூபினி அந்தக் கல்லைச் சுகந்தினி வீட்டு முற்றத்திலேயே இரும்பு உரலில் இடித்தாள். ரூபனும் வேலையால் வந்து கை கொடுத்தான். இடித்து, சலித்து, ஒரு வாளி தூள் வந்தது. அதற்குள் தேவையான மணி ஒரு சிட்டிகை இருந்தாலே பெரிய காரியம் என்றாள்.

சுகந்தினி அரிசி அரிப்பதைப் பார்த்த நாளிலிருந்தே அவளுக்கு அந்தச் சட்டியில் ஒரு கண். வவுனியாச் சந்தையில் புதுச்சட்டி ஒன்று வாங்கி வந்தாள். பழையதில் வேறு மண் ஒட்டியிருக்குமாம். புதன்கிழமை காலை சுகந்தினியைக் கிணற்றடியில் இருத்தி, தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு அரிசியைப் போலவே அரிக்கச் சொன்னாள். அதற்குள் போன் வந்துவிட்டது. கல்லை வெளியே அனுப்ப ஒரு கையெழுத்து வேண்டும், உடனே வவுனியாவுக்கு வரட்டாம். பஸ்ஸைத் தவறவிடாமல் ஓடிவிட்டாள். எதை வைத்திருப்பது, எதை விடுவது என்று அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. அரிப்பது எப்படி என்று தெரிந்த ஒருத்திக்கு அதை யார் சொல்லுவார்கள்?

சுகந்தினி அன்றைக்குப் போல் வாழ்க்கையில் அரித்ததில்லை. தூளை மூன்று தண்ணீரில் அலசினாள். வெள்ளையான மெல்லிய மணல் அரிசியைப் போலவே மிதந்து மற்றப் பாத்திரத்துக்குப் போனது. சட்டியின் வரிகளில் கறுப்பாகவும் சிவப்பாகவும் பாரமான குறுணி நின்றது. ஒவ்வொரு தரமும் அதை எடுத்துப்போய் வாழையடியில் வீசிவிட்டு வந்தாள். தன் கையில் கல் தப்பும் என்று சபையில் சொன்னவள் இப்போது வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்க வேண்டும் என்றுகூட ஆசைப்பட்டாள். மத்தியானம் திரும்புவதற்குள் வெள்ளை மணல் முழுவதையும் உரப்பையில் பரப்பிக் காயவிட்டாயிற்று. ஒரு கறுப்பு இல்லை.

பின்னேரம் ஜெயரூபினி வந்து, செருப்பைக் கழற்றாமலே கிணற்றடிக்குப் போனாள். உரப்பையைப் பார்த்தாள். பிறகு சுற்றிவரப் பார்த்தாள்.

"மிச்சம் எங்க அக்கா?"

"எந்த மிச்சம்?"

"சட்டிக்கு அடியில நிண்டது. கறுப்பா, பாரமா."

"அந்தக் கல்லோ? எறிஞ்சிட்டன் பிள்ளை" என்றாள் சுகந்தினி, பாராட்டு வரப்போகிறது என்று. "ஒரு பொட்டும் விடேல்லை."

ஜெயரூபினியின் முகம் போன போக்கைப் பார்த்தவுடனேயே அவளுக்கு விளங்கிவிட்டது. சிர்க்கோன் பாரமான மணி. அது மிதக்காது. அடியில்தான் நிற்கும்.

இரண்டு பேரும் வாழையடிக்கு ஓடினார்கள். அங்கே விமலேஸ்வரியின் கோழிகள் நின்றன. இரைப்பைக்குக் குறுணிக்கல் தேடுகிற கோழிக்குப் புதிதாகக் கொட்டிய பாரக் குறுணி கிடைத்தால் விடுமா? கிளறி, கொத்தி, மண்ணோடு மண்ணாக்கிவிட்டிருந்தன. ஜெயரூபினி அங்கேயே குந்திவிட்டாள். முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கண்ணால் தண்ணீர் வந்தது. தன் பிழைதான், எதை வைத்திருக்க வேண்டும் என்று தான் சொல்லவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஏசியிருந்தால் சுகந்தினிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மண்ணோடு அள்ளித் திரும்ப அரிக்கலாமே என்றாள் சுகந்தினி. முடியாதாம். அந்த வாழையடியில் கண்டாவளை அரிசியில் வந்த கல் கிடக்கிறது, வீடு கட்ட ஏற்றின ஆற்றுமணல் கிடக்கிறது. ஒவ்வொரு மணிக்கும் ஒவ்வொரு வயது. எது எந்தக் கல்லிலிருந்து வந்தது என்று யாரால் சத்தியம் பண்ண முடியும்? ஜெயரூபினியின் பையில் கைக்குள் அடங்குகிற ஒரு துண்டு மிச்சம் இருந்தது. அதை மெல்லிசாக வெட்டிக் கண்ணாடிக்குக் கீழே பார்க்கலாம், வயது பார்க்கப் போதாது. நாலு வருடப் படிப்பைத் தன் இரண்டு கையாலும் அள்ளிக் கோழிக்குப் போட்டுவிட்டேனே என்று சொல்லிச் சுகந்தினி புதுச்சட்டியைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். அன்று பின்னேரம் அவள் தேங்காய் துருவவில்லை.

ரூபன் வேலையால் வந்து முழுக்கதையையும் கேட்டான். வெடி வைத்த முகப்பில் ஒரு துண்டாவது எங்காவது கிடக்காதா என்று ஜெயரூபினி கேட்டாள். எல்லாம் சல்லியாகிவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டு, தலையைச் சொறிந்தான். குவாரிக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. நல்ல தட்டையான பலகைக்கல் பிளந்து வந்தால் அதை மெஷினுக்குப் போட மாட்டார்கள். யாராவது ஒரு வேலையாளின் வீட்டுக்கு உடுப்புத் தோய்க்கிற கல்லாக அனுப்பிவிடுவார்கள். தை மாதம் வெடி வைத்தபோது அந்த முகப்பிலிருந்து அப்படி ஒரு கல் வந்தது, சிவப்புப் பட்டியோடு.

"அது எங்க?" என்றாள் சுகந்தினி.

ரூபன் வேலிப்பக்கம் பார்த்தான். விமலேஸ்வரியின் மகன் வந்து கேட்டானாம். மறுக்க மனம் வரவில்லையாம். சுகந்தினிக்குச் சொன்னால் வீண் கரைச்சல் என்று, அவள் பரந்தனில் மகள் வீட்டுக்குப் போயிருந்த நாளாகப் பார்த்து ரக்ரரில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவிட்டானாம்.

"என்னய்யா நீ, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா ஒனக்கு?" என்று மலைநாடு கிளம்பிவிட்டது. ரூபன் மெதுவாக எழும்பி மாட்டைப் பார்க்கப் போனான்.

வேலியால் எத்தனையோ நாள் அந்தக் கல்லை அவளும் பார்த்திருக்கிறாள். அந்தச் சிவப்பு ஏதோ சேலைச் சாயம் என்று நினைத்திருந்தாள். ஜெயரூபினி தானே போய்க் கேட்பதாகச் சொன்னாள். அவள் போயிருந்தால் காரியம் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும், கரைப் பிள்ளைக்கு யார் இல்லையென்று சொல்வார்கள்? சுகந்தினி விடவில்லை.

"எறிஞ்சது நான். கேக்கிறதும் நான்தான்" என்றாள்.

வியாழக்கிழமை காலை விமலேஸ்வரி வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு போனாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்த வளவுக்குள் கால் வைக்கிறாள். விமலேஸ்வரி தோய்த்துக்கொண்டிருந்தாள். கையில் சவர்க்காரத்தோடு நிமிர்ந்து பார்த்தாள். யாரும் செத்துப்போனார்களோ என்றுதான் முதலில் பயந்ததாகப் பிறகு சொன்னாள்.

"அக்கா, இந்தக் கல்லில ஒரு மூலை உடைச்சுத் தருவியளோ?" என்றாள் சுகந்தினி.

"ஏன்?"

அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் வந்தாள். வழியெல்லாம் பொய் ஒன்று தேடிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. கல்லின் வயது பார்க்கிற பிள்ளை, அரிக்கச் சொன்னது, தான் அரித்தது, அடியில் நின்றதைக் கல்லென்று எறிந்தது, கோழிகள் கொத்தியது எல்லாவற்றையும் நிலத்தைப் பார்த்தபடி சொல்லி முடித்தாள். யாரிடம் சொல்லக் கூடாதோ அவளிடமே சொல்லியாயிற்று.

விமலேஸ்வரி சவர்க்காரத்தைக் கீழே வைத்தாள். "அண்டைக்கு எறிய வேண்டியதை எறியேல்லை" என்றாள். "இப்ப எறியக்கூடாததை எறிஞ்சிட்டாய்."

சொல்லிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சுகந்தினி இரண்டு வருடமாக எத்தனையோ பதில் சேர்த்து வைத்திருந்தாள். குளிக்கும்போதும் அடுப்பு ஊதும்போதும் சொல்லிச் சொல்லிக் கூராக்கின பதில்கள். ஒன்றைச் சொல்ல வாயைத் திறந்தாள். சிரிப்புத்தான் வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு அவளும் சிரித்தாள். சத்தம் கேட்டு வேலிக்கு இந்தப்பக்கம் நின்ற ஜெயரூபினி, அங்கே சண்டைதான் தொடங்கிவிட்டது என்று பயந்து ரூபனைக் கூப்பிட்டாள்.

ஜெயரூபினி வந்து தன் போனில் இருந்த பழைய படங்களைக் கல்லோடு வைத்துப் பார்த்தாள். சிவப்புப் பட்டி ஓர் இடத்தில் கவர்விட்டுப் பிரிந்திருந்தது. படத்தில் பாறையிலும் அப்படியே கவர்விட்டுக் கிடந்தது. இதுதான் அக்கா, இதேதான் என்று கல்லின் மேல் குந்திக்கொண்டே சொன்னாள். ஒரு மூலை போதும் என்றாள். ரூபன் பெரிய சுத்தியலை எடுத்து வந்து, குவாரிக்காரன் என்ற பெருமையோடு அளவாகத்தான் ஓர் அடி போட்டான். மூலை உடையவில்லை. கல் சிவப்புப் பட்டியோடு நடுவாலே பிளந்து இரண்டாக விழுந்தது.

நனைந்த உடுப்பு ஒரு பேசின் நிறையக் கிடந்தது. ரூபன் சுத்தியலைப் பின்னால் மறைத்துக்கொண்டு, நாளைக்கே வேறு கல் கொண்டுவந்து போடுகிறேன் அக்கா என்றான். விமலேஸ்வரி உடைந்த கல்லைப் பார்த்தாள், பிறகு சுகந்தினியைப் பார்த்தாள், பேசினைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"உன்ர கிணத்தடியில தண்ணி இருக்கோ?" என்றாள்.

அன்று முழுக்க முற்றத்தில், கறுப்பு வேறு சிவப்பு வேறாக, ஒரே இடிதான். ஒருத்தி கை ஓய மற்றவள் உலக்கையை வாங்கினாள். அரிக்கும்போது விமலேஸ்வரி சுகந்தினியின் தோளுக்குப் பின்னால் நின்று, சட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒவ்வொரு தரமும் குறுணி அடியில் தங்கியதும் சுகந்தினியின் கை தானாக வாழையடிப் பக்கம் திரும்பும். விமலேஸ்வரி மணிக்கட்டைப் பிடிப்பாள். பொழுதுபட முன்னர் கறுப்புக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று என்று இரண்டு சின்னப் பைகளில் ஒவ்வொரு கைப்பிடி சேர்ந்தது. ஜெயரூபினி அதில் ஒரு துளியை எடுத்துப் பூதக்கண்ணாடியில் காட்டினாள். கூரான இரண்டு முனையோடு, கொஞ்சம் தேன்நிறமாக, ஒரு மணி. இவ்வளவுக்கும் இதுதானோ என்று விமலேஸ்வரி கேட்டாள். ஆனால் கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்க நெடுநேரம் எடுத்தாள். வெள்ளிக்கிழமை அந்தப் பைகள் விமானம் ஏறின.

மாரி வந்து, குளம் நிரம்பி, திரும்பவும் வெயில் தொடங்கிய பிறகுதான் ஜெயரூபினியின் போன் வந்தது. இரண்டு பெண்களும் சுகந்தினியின் கிணற்றடியில் நின்றார்கள். சுகந்தினி ஈரக்கையால் போனைத் தொட்டு, சத்தத்தைக் கூட்டிக் கிணற்றுக் கட்டின் மேல் வைத்தாள். சிவப்புப் பட்டிக்கு வயது ஐம்பத்தைந்து கோடி வருடம் என்றாள் ஜெயரூபினி. குரலிலேயே சிரிப்புத் தெரிந்தது. கறுப்புக் கல்லின் மணிகளில்தான் புதினம் இருந்ததாம். நடுவிலே பார்த்தால் நூறு கோடி வருடம். அதே மணியின் வெளித்தோலைப் பார்த்தால் ஐம்பத்தைந்து கோடி.

"அப்ப எது சரி பிள்ளை?" என்று விமலேஸ்வரி குனிந்து போனிடம் கேட்டாள்.

"ரெண்டும் சரி அன்ரி. முதல் பிறந்தது நூறு கோடி வருசத்துக்கு முந்தி. பிறகு அந்தக் கல்லு ஆழத்தில போய் திரும்ப வெந்திருக்கு. அப்ப வெளியில புதுசா ஒரு தோல் வளர்ந்திருக்கு. சிவப்புக் கல்லு ஊடறுத்ததும் அந்த வேக்காட்டிலதான்."

"உள்ளுக்க இருந்தது உருகேல்லையோ?"

"இல்லை அன்ரி. உள்ளுக்க பழசு அப்பிடியே கிடக்கு."

போன் வைத்த பிறகு விமலேஸ்வரி பேசினிலிருந்து பெரிய விரிப்பை எடுத்து ஒரு தலைப்பைச் சுகந்தினியிடம் நீட்டினாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து முறுக்கினார்கள். தண்ணீர் கொட்டியது. சுகந்தினிக்கு மனம் நிறைந்து கிடந்தது. நூறு கோடியா, ஆயிரம் கோடியா என்று அதற்குள் தொகை மறந்துவிட்டது. பின்னேரம் திரும்பப் போன் எடுத்துக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

ரூபன் இப்போதும் குவாரியில் நல்ல பலகைக்கல் ஒன்று பார்த்து வைத்திருப்பதாகவும், அடுத்த கிழமை எப்படியும் கொண்டுவந்து விமலேஸ்வரியக்காவின் கிணற்றடியில் போடுவதாகவும் சொல்லிக்கொண்டிருக்கிறான். இரண்டு பெண்களில் ஒருத்தியும் அவனுக்கு அதை ஞாபகப்படுத்துவதில்லை.